பதினான்கு பாட்டில், ஒரே ஆள்

உங்கள் பெயர் ஒட்டிய பாட்டிலில் இன்னொருவரின் மூத்திரத்தை ஊற்றிக் கொடுப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு பயம் இருக்க வேண்டும்? சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். போன ஜூலையில் சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டிப் பெண்கள் பதினான்கு பேர் அப்படித்தான் கொடுத்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. ஏமாற்றுக்காரிகளும் அல்ல. அதைக் கண்டுபிடித்தவள் அவர்களில் ஒருத்தியின் மகள். பெயர் இசைவாணி.

வயது முப்பத்து நான்கு. விருதுநகருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் என்.எம்.ஆர். கருவியை இயக்குகிறாள். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. அவள் எடுத்துக் கொடுத்த வரைபடங்களை வைத்து இருபது பேருக்கு மேல் டாக்டர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அவள் பெயர் அந்த ஆய்வேடுகளில் நன்றி சொல்லும் பக்கத்தில், தட்டச்சு செய்தவருக்கு அடுத்த வரியில் இருக்கும்.

ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதும் கதவுக்கும் கணினிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போவாள். ஆய்வு மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைப் 'பெண்டுலம்' என்று அழைப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஓர் உருளை. அதன் வயிற்றில் கம்பிச்சுருள், அது திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அந்தக் குளிரில் அது இடைவிடாத பெரும் காந்தம். உடம்பிலிருந்து வரும் ஏறக்குறைய எந்தப் பொருளை எடுத்தாலும் அதில் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும், ஒவ்வொன்றின் கருவும் ஒரு குட்டிக் காந்தம். பென்சில் கனம்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் பொருளைக் கரைத்துப் பெரிய காந்தத்துக்குள் இறக்கி, வானொலி அலையால் ஒரு தட்டுத் தட்டினால், அந்தக் கருக்கள் பதில் சொல்லும். சர்க்கரையில் இருக்கும் ஹைட்ரஜன் ஓரிடத்தில் பதில் சொல்லும், புளிப்பில் இருப்பது இன்னோரிடத்தில். திரையில் அவை கூர்மையான முள்களாக எழுந்து நிற்கும். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோமே, அடிப்படை அதேதான். புது மருந்து செய்கிறவர் தான் செய்தது சரியான மூலக்கூறுதானா என்று பார்ப்பதும் இதில்தான். ஒருவர் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சொட்டுச் சிறுநீரில் படிப்பதும் இதில்தான். இந்தக் கருவிக்கு முன்னால் சாதி, நட்சத்திரம், கைராசி எதுவும் எடுபடாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்லும்.

அந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. ஒருமுறை இசைவாணியின் அம்மா மாரித்தாய் மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவள். அறை வாசலில் நின்று, யாரும் சொல்லாமலே ஹேர்பின், ஊக்கு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி கைக்குட்டையில் முடிந்து வெளியே ஆணியில் தொங்கவிட்டாள்.

"யாரும்மா ஒனக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? சிவப்புக் கோடு போட்டு, செருப்பக் களட்டச் சொன்னா என்ன அர்த்தம்? எங்க கேட்லயும் இம்புட்டுத்தான். இரும்பு இருந்தா பொறி பறக்கும்."

"இங்கன பொறி பறக்காது. இரும்பு பறக்கும்."

"எதுவோ ஒண்ணு பறக்கும்ல," என்றாள் மாரித்தாய்.

இப்போது ஜூலைக்கு வருவோம்.

பட்டாசுத் தொழிலாளர்களின் உடல்நிலை பற்றி ஓர் ஆய்வு. பேராசிரியர் ஜாபர் சாதிக் தலைமை. நல்ல மனிதர்தான், ஆனால் மூன்று அறிக்கைகளுக்குக் கெடு தாண்டிய நிலையில் இருந்தார். நாற்பது பெண்களின் காலை முதல் சிறுநீர் வேண்டும். அதைச் சேகரிக்கப் போனவன் ஆய்வு மாணவன் விக்னேஷ்குமார். அவன் செய்த தவறு மிகச் சாதாரணமானது, நம் நாட்டில் தினமும் நடப்பது. வீடு வீடாகப் போகச் சோம்பல்பட்டு, கம்பெனி போர்மேன் காளீஸ்வரன் கையில் நாற்பது பாட்டிலையும் கொடுத்து, மறுநாள் கேட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டான். ஒரு பெண்ணின் மூத்திரத்தை அவளுடைய மேலாளர் மூலமாக வாங்குவது தப்பு என்று அவனுக்குத் தோன்றவில்லை. வீட்டில் அக்கா தங்கையிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தோன்றியிருக்கும்.

பாட்டிலைப் பங்கிடும்போது காளீஸ்வரன் வேடிக்கையாக ஒன்று சொன்னானாம். "யாரு மூத்திரத்துல வெடிமருந்து எறங்கியிருக்கோ, அவுக சீசன் முடியிற வரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுத்துக்கோங்க." தீபாவளிக்கு முந்தைய நான்கு மாதம்தான் சீசன். அந்த நான்கு மாதத்தை வைத்துத்தான் மற்ற எட்டும். வேடிக்கை அவனுக்கு.

திங்கள் காலை நாற்பது பாட்டில்களும் வந்து உறைபெட்டிக்குள் போயின. வியாழன் மதியம் இசைவாணி ஒவ்வொன்றாகக் கருவிக்குள் இறக்கினாள். பாட்டிலில் பெயர் கிடையாது, எண்தான். பெயருக்கும் எண்ணுக்குமான பட்டியல் பூட்டிய கோப்பில் இருந்தது.

ஏழாவது வரைபடம் வந்தபோது நடப்பதை நிறுத்தினாள். சர்க்கரை, காடுபோல் எழுந்து நின்றது. அதோடு கீட்டோன்கள். உடம்பு சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாமல் தன் கொழுப்பையே எரித்துத் தின்னும்போது வெளியே வருகிற பொருள்கள் அவை. பட்டினி கிடந்தாலும் வரும். இவ்வளவு சர்க்கரையோடு சேர்ந்து வந்தால் பொருள் வேறு: சிகிச்சை இல்லாத நீரிழிவு, ஆளைக் கொல்லும் கட்டத்தை நோக்கிப் போகிறது.

பதினொன்றாவது எண்ணும் அதே. பன்னிரண்டும் அதே. மாலைக்குள் பதினான்கு.

விக்னேஷ்குமார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒரே ட்யூப மாத்தாம ஓட்டிட்டீங்களா? இல்ல டீய உள்ள ஊத்திட்டீங்களா?"

"டீல இஞ்சி போடுவாங்க தம்பி, கீட்டோன் போட மாட்டாங்க."

புதுக் குழாய், புதுக் கரைசல், மறுபடி முதலிலிருந்து செய்தாள். அதே. பதினான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் அடுக்கினாள். ஒரே கோடு. சர்க்கரையின் அளவு மட்டும் அல்ல, காய்ச்சல் மாத்திரை ஒன்று உடம்பில் கரைந்து வெளியேறிய தடம்கூடப் பதினான்கிலும் இம்மி பிசகாமல் இருந்தது. பதினான்கு பேருக்கு நீரிழிவு வரலாம். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மாத்திரையை விழுங்கி ஒரே அளவில் வெளியேற்ற முடியாது.

பல்கலைக்கழகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைக் கலப்படம் என்றுதான் சொல்வார். இசைவாணி கம்பெனி கேட்டைப் பார்த்து வளர்ந்தவள். மருத்துவ முகாம் என்று பலகை வைத்தாலே ஊர் பதுங்குவதைப் பார்த்தவள். அவளுக்குச் சட்டென்று விளங்கியது. இது ஒரே ஆளுடையது. பயந்தவர்கள் பதினான்கு பேர், கம்பெனிப் பக்கமே போகாத ஒருத்தியிடம் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். யார் உடம்பு சுத்தம் என்று அந்தப் பதினான்கு பேரும் நம்பினார்களோ, அந்த உடம்புதான் செத்துக்கொண்டிருக்கிறது. அது அந்த உடம்புக்கே தெரியாது.

ஜாபர் சாதிக் பத்து நிமிடம் வரைபடங்களையே பார்த்தார். "கெட்டுப்போன சாம்பிள்னு நீக்கிடலாம். இருபத்தாறு மிச்சம் இருக்கு."

"சார், இது யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"பட்டியலத் திறக்கணும்னா நெறிமுறைக் குழு கூடணும். இருபதாம் தேதி கூடுது."

"இன்னைக்கு ஒன்பது. பதினோரு நாள் தாங்காது சார்."

"திறந்தா மட்டும்?" என்றார் அவர். கோபமாக இல்லை, களைப்பாக. "நீ சொல்றது உண்மைன்னா, அந்தப் பதினாலு பேருல அவ இருக்கவே மாட்டா. பதினாலு பேரோட பேர்தான் வெளிய வரும். அது கம்பெனிக்குப் போச்சுன்னா?"

அவர் சொன்னது சரி. அதுதான் அவளைக் குதறியது. பட்டியல் ஒன்றுக்கும் உதவாது, அழிவுக்கு மட்டும் உதவும். அறைக்கு வந்து கதவுக்கும் கணினிக்கும் நடந்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, திங்கக்கெளம நீ குடுத்த பாட்டில் ஒன்னோடதுதானா?"

"பின்ன எதுத்த வீட்டுக்காரனோடதா?"

"வெளையாடாத. நெசத்தச் சொல்லு."

"என்னோடதுதான். இதக் கேக்கவா போன் பண்ணுன? சாப்பிட்டியா?"

"எம்மா, ஒரு உசிரு விசயம்."

"எங்க உசிரும் உசிருதான்," என்று சொல்லி மாரித்தாய் போனை வைத்துவிட்டாள்.

போலீஸ் மாதிரிக் கேட்டுவிட்டோம் என்று இசைவாணிக்குத் தோன்றியது. 'நீ தப்புச் செய்தாயா' என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். தப்பை ஒப்புக்கொள்ளாமலே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும். மேசைமேல் காலிப் பாட்டில் ஒன்று இருந்தது. அறுபது மில்லி. பதினான்கால் பெருக்கினாள். எண்ணூற்று நாற்பது. ஒரே விடியலில் ஒருத்தியால் இவ்வளவு கொடுக்க முடிந்ததா? அப்படியென்றால் அவள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? எட்டு நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வரும் ஊரில், ஒரு வீட்டில் மட்டும் குடம் ஏன் காலியாகிறது என்பது தெருவுக்கே தெரிந்திருக்குமே.

வெள்ளி காலை லீவு சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினாள். சிவகாசியில் இறங்கி வெம்பக்கோட்டை பஸ்ஸில் தாயில்பட்டி வந்து சேர்ந்தபோது ஆறே முக்கால். ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். நிறுத்தத்தில் இருபது பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். மாரித்தாய் மகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாணி, என்ன காலையிலயே? காலேசுல வெரட்டி விட்டாகளா?" என்றாள் பொன்னுத்தங்கம். சரவெடி பின்னுவதில் கை எவ்வளவு வேகமோ, வாயும் அவ்வளவு வேகம்.

"தண்ணிக்கு வந்தேன் சித்தி. இங்கன யாரு வீட்ல குடம் சீக்கிரம் காலியாகுது?"

"அதயாடி கேக்க? எம் மருமக தலைக்கு ஊத்த ரெண்டு குடம், மூஞ்சிக்கு ஒரு குடம்."

"குளிக்க இல்ல. குடிக்க. குடிச்சுக்கிட்டே இருக்கிற ஆளு. அடிக்கடி வெளிய போற ஆளு. ஒடம்பும் எளச்சிருக்கும்."

"குடிச்சுக்கிட்டே இருக்கிறதுன்னா எம் புருசன்தான்," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

"சிரிங்க," என்றாள் இசைவாணி. "நான் யாரு என்ன செஞ்சாகன்னு கேக்க வரல, சித்தி. எனக்கு அது தேவையே இல்ல. அந்தத் தண்ணி குடிக்கிற ஆளு ரெண்டு நாள்ல செத்துப்போகும். அத மட்டும் சொல்ல வந்தேன்."

சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட சிரமத்திலேயே பதில் இருந்தது. இருபது பேரும் தரையையும் தூக்குவாளியையும் வேன் வரும் வழியையும் பார்த்தார்கள், பாண்டிச்செல்வி நின்ற பக்கத்தைத் தவிர.

மாரித்தாய்தான் வாயைத் திறந்தாள். திறந்தால் தானும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே திறந்தாள். "பாண்டிச்செல்வி. ஒன் மகளத்தான் கேக்கா."

"எம் மகளுக்கு என்ன? பிரீத்திகா நல்லாத்தான் இருக்கா." பாண்டிச்செல்வியின் குரல் பாதியில் இறங்கியது. "ரெண்டு நாளா வாந்தி. வெயிலுன்னு நெனச்சோம். ஞாயித்துக்கெளம ராத்திரியே கால் வலிக்குன்னா, மாத்திரை குடுத்தேன். இன்னைக்கு எந்திரிக்கல. மதியத்துக்கு மேல ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு மந்திரிச்சுக் கட்டலாம்னு."

பிரீத்திகாவுக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாள். கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. மருந்துத் தூசி படாத பிள்ளை. அதோடு, அவள்தான் அடிக்கடி ஒதுங்குகிறாளே. திங்கள் விடியலில் பெரிய ஜக்கில் பிடித்து, எண்ணெய் ஊற்றுகிற புனலை வைத்துப் பதினான்கு பாட்டிலுக்கும் பகிர்ந்திருக்கிறார்கள். தாகமும் மூத்திரமும் நோயின் குறி. அதையே வசதி என்று நினைத்துவிட்டார்கள். படிக்கிற பெண்ணுக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. இன்னும் ரெண்டு பாட்டில் இருந்தா கொண்டு வாங்க என்றாளாம்.

வேன் வந்தது. காளீஸ்வரன் முன் இருக்கையிலிருந்து தலையை நீட்டினான். "என்ன கூட்டம்? ஏறுங்க, நேரமாச்சு."

மாரித்தாயும் பாண்டிச்செல்வியும் நகரவில்லை.

"ரெண்டு பேரும் வரலையா? சீசன் நேரத்துல ஒரு நாள் லீவு போட்டா, முழுசாவே லீவு எடுத்துக்கலாம்."

"எழுதிக்கோங்க தம்பி," என்றாள் மாரித்தாய். "மாரித்தாய்க்கு இன்னைக்கு வயித்துப்போக்கு. வேணும்னா அதுக்கும் ஒரு பாட்டில் குடுங்க."

வேனுக்குள் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வண்டி கிளம்பியது.

பிரீத்திகா பாயில் கிடந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக வந்தது. அழுகிய பழ வாடை. இசைவாணி அந்த வாடையை அறிவாள். குழாய்களைக் கழுவ ஆய்வகத்தில் அசிட்டோன் என்ற கீட்டோனைக் கேன் கேனாக வைத்திருக்கிறார்கள். நேற்று திரையில் முள்ளாக நின்றது இன்று ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் தூக்கி ஷேர் ஆட்டோவில் கிடத்தினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் விரலில் ஒரு சொட்டு எடுத்துச் சிறு கருவியில் வைத்தார். எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று அந்தக் கருவி எழுத்தில் சொன்னது.

"மதியத்துக்கு மேல எங்கயோ போறதா இருந்தீங்களாமே," என்றார் மருத்துவர், கையில் ஊசி ஏற்றிக்கொண்டே. "போயிருந்தா, பொணமாத்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க."

கயிறு ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்காது. இன்சுலின் குறைக்கும். இதைச் சொல்ல எந்தத் துணிச்சலும் தேவைப்படக் கூடாது. நம் நாட்டில் தேவைப்படுகிறது. ஆனால் பாண்டிச்செல்வியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கயிறு கட்டுகிறவர் அவள் யாரிடம் வேலை செய்கிறாள் என்று கேட்பதில்லை. அவள் சொன்னதை முதலாளிக்குச் சொல்வதில்லை. அறிவியலின் பாட்டில்தான் போர்மேன் கை வழியாக வந்தது. நம்மைவிட மந்திரவாதி நம்பகமானவனாகத் தெரிந்தால் குற்றம் யாருடையது?

ஆறாம் நாள் பிரீத்திகா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட வேண்டும். அதைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். நர்சிங் சேர்ந்துவிட்டாள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. பாட்டில் மாறிய கதை எப்படியோ கசிந்தது. காளீஸ்வரன் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தான். நாற்பது பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நான் என்னோடதைத்தான் கொடுத்தேன். நாற்பது பேரையும் அனுப்பிவிட்டுச் சீசன் ஓட்ட முடியாது. மாரித்தாயை மட்டும் பத்து நாள் உட்கார வைத்தார்கள், லீவு போட்டதோடு வாயாடிய குற்றத்துக்காக.

இசைவாணி பேராசிரியர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், மறுபடி எடுக்கணும். கம்பெனியில வேண்டாம், ஊர் நூலகத்துல. ஞாயித்துக்கெளம. ஒவ்வொருத்தருக்கும் அவங்க ரிசல்ட்டு அவங்க கையில, தமிழ்ல. முதலாளிக்கு ஒரு எழுத்துகூடப் போகாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"அறிக்கைக்கு லேட்டாகும்."

"ஆகட்டும் சார்."

ஜாபர் சாதிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய வாப்பா விருதுநகரில் வத்தல் கடை வைத்திருந்தவர். "எங்க கடையில எடை போடும்போது," என்றார், "தராசு முள்ள வாங்குறவங்க பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுவாங்க வாப்பா. நாம முள்ள நம்ம பக்கமே திருப்பி வச்சிட்டோம்." தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். விக்னேஷ்குமார் இந்த முறை பாட்டில் கொடுக்க வீடு வீடாக நடந்தான். மூன்றாவது வீட்டில் நாய் துரத்தியது என்று புகார் சொன்னான். யாரும் அனுதாபப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் முப்பத்தொரு பாட்டில் வந்தன. ஒன்பது பேர் வரவே இல்லை. பயம் ஒரு கையெழுத்தில் போகிற பொருள் அல்ல. கடைசியாக மாரித்தாய் வந்தாள். நாளிதழில் சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருந்ததை எடுத்து மகள் முன் வைத்தாள்.

"இது என்னோடதுதான். மோந்து பாத்துக்கோ."

"கருவி பாத்துக்கிடும்மா."

"அது பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

"அப்ப நீ மட்டும் பாரு. எனக்கு நெசத்தச் சொல்லு. நல்லா இல்லன்னாலும் சொல்லு."

திங்கள்கிழமை இசைவாணி அந்தக் குழாயைக் காந்தத்துக்குள் இறக்கினாள். எத்தனையோ ஆயிரம் குழாய்களை இறக்கிய கை. அன்றைக்கு மூடியை இரண்டு முறை சரிபார்த்தது. கதவுக்கும் கணினிக்கும் நடந்தாள். வரைபடம் வந்ததும் நின்று படித்தாள், பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள். அதில் என்ன இருந்தது என்று நான் இங்கே எழுத மாட்டேன். அது மாரித்தாயின் உடம்பு, அவளுக்குச் சொல்லியாகிவிட்டது, அது போதும்.

வராத அந்த ஒன்பது பேர் இன்னும் வரவில்லை. இசைவாணி ஞாயிறுதோறும் நூலகத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள், உட்காராமல்.

உங்கள் தெருவுக்கும், நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கும் ஒருநாள் ஊசியோடும் பாட்டிலோடும் யாராவது வருவார்கள். கொடுங்கள். அறிவியலுக்கு அது வேண்டும், உங்களுக்கும் வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது யார் கை வழியாகப் போகிறது? முடிவு என் கைக்கு என்றைக்கு வரும்? பதில் சொல்லாதவரிடம் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், அவருக்கும் சேர்த்து நீங்களே கேளுங்கள்.